ஏழு தரம் கழுவிய கடி

நெசவுக்கார அச்சிமுகம்மதை நாய் கடித்தது ஐம்பத்து நாலாம் ஆண்டு மாசி மாதத்து ஒரு வியாழக்கிழமை, பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லச் சற்று முன்பு. இடம், மருதமுனையிலிருந்து தெற்கே போகும் பெரிய றோட்டில், நீர்ப்பாசன ஓவசியர் கிறகரியின் குவாட்டர்ஸ் வாசல். கடித்தது நெல்சன் என்ற பெயருடைய செம்மஞ்சள் நிற ஆண் நாய். கடிபட்டது வலது கெண்டைக்கால். இவ்வளவும் உண்மை. அடுத்த பதினொரு மாதத்தில் இந்த உண்மைகளை நீதிமன்றமான கோடு ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தது. கடைசியில் வியாழக்கிழமை மட்டும் மிஞ்சியது.

அவன் தலையில் இருபது சாறன் கொண்ட மூட்டை இருந்தது. மூட்டை சுமப்பவனைக் கண்டால் நெல்சனுக்கு ஆகாது. பாய்ந்து கவ்வியது, உதறியது, விட்டுவிட்டு வாசலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அச்சிமுகம்மது கத்தவில்லை. கத்தினால் மூட்டை சரியும், சாறன் மண்ணில் விழும். மூட்டையைப் பிடித்தபடியே நொண்டி நொண்டி வீட்டுக்குத் திரும்பினான்.

நேரே கிணற்றடிக்குப் போனான். நாயின் வாய் பட்ட இடத்தை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரால். அந்த ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம் அது. அதற்கு வழக்குப் பேசும் பிறக்கிராசி தேவையில்லை. அவன் மண்ணைக் குழைத்துக் காயத்தில் அப்பித் தேய்த்தான். பிறகு ஆறு வாளி. உடுத்திருந்த சாறனையும் அப்படியே ஏழு தரம் அலசினான். அதில் இரண்டு விரல் நீளத்துக்குக் கிழிசல். மறுநாள் காலை தறியில் இருந்தபடியே அந்தக் கிழிசலை இழைக்கு இழை கோத்து மூடிவிட்டான். கிழிந்த துணியை அப்படியே போட்டு வைக்கிற நெசவுக்காரன் இன்னும் பிறக்கவில்லை.

கழுவியதும் தைத்ததும் அவன் செய்த இரண்டு குற்றங்கள். அது அவனுக்கு அப்போது தெரியாது.

மருந்துச்சாலை அப்போதிக்கரி காலைத் திருப்பிப் பார்த்தார்.

“எத்தின தரம் கழுவின?”

“ஏழு, ஐயா. ஒண்டு மண்ணால.”

“நல்ல வேலை செஞ்ச. பாதி நஞ்சு அதிலயே போயிருக்கும். மிச்சப் பாதியை நாய்தான் சொல்லணும். பத்து நாளைக்கு நாயைப் பாத்திட்டிரு. அது உசிரோட நிண்டா நீயும் நிப்பாய். செத்தா அண்டைக்கே ஓடி வா. வயித்தில பதினாலு ஊசி.”

“இப்பவே போட்டா என்ன ஐயா?”

அப்போதிக்கரி மேசை இழுப்பறையிலிருந்து அச்சடித்த பாரம் ஒன்றை எடுத்துக் காட்டினார். மருந்து மேலிடத்திலிருந்து வரவேண்டும். பாரத்தில் பதினேழாவது கேள்வி, கடித்த நாய் இறந்துவிட்டதா, உயிருடன் உள்ளதா என்பது.

“தெரியாது எண்டு எழுதினாப் பாரம் திரும்பி வரும். போன வருசம் ஒண்டு அப்படித்தான் திரும்பி வந்திச்சு.”

“அந்த ஆள்?”

“ஆள் திரும்பி வரல்ல.”

அச்சிமுகம்மதுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். பத்து நாளைக்கு ஒரு நாயைப் பார்க்க வேண்டும். வேலி ஓரமாக நின்று ஒருக்கா எட்டிப் பார்த்தாலும் போதும்.

கிறகரி விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கால் நீட்டியிருந்தார்.

“ஐயா, நாயை ஒருக்காப் பாக்கணும்.”

“எதுக்கு?”

“உசிரோட இருக்கா எண்டு.”

கிறகரி நிமிர்ந்து உட்கார்ந்தார். “இஞ்ச பார், எனக்கு இருபத்திரண்டு வருசச் சேர்விஸ். எழுத்தில கேக்காத ஒரு கேள்விக்கும் இண்டைவரைக்கும் நான் மறுமொழி சொன்னதில்ல. அதாலதான் என்ட பேரில ஒரு கறுப்புப் புள்ளியும் இல்ல. முந்தா வருச மாரியில குளக்கட்டு உடைஞ்சப்போ, உடைஞ்சிட்டா எண்டு கந்தோரால எழுதிக் கேக்கும்வரைக்கும் நான் வாய் திறக்கல்ல. கடிதம் வரக்குள்ள வயலெல்லாம் கடலாப் போச்சு. ஆனா என்னை ஒருத்தனும் குறை சொல்ல ஏலாமப் போச்சு. நாயைக் காட்டினா, கடிச்சது எண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி. காட்டாட்டி நாயே இல்லாத மாதிரி. இதில எனக்கு எது சுகம், நீயே சொல்லு.”

அன்று பின்னேரம் நெல்சன் நீர்ப்பாசன லொறியில் ஏறி, பதினெட்டு மைல் மேற்கே குளத்து வேலையாட்களின் காம்புக்குப் போய்விட்டது. றோட்டில் நின்று குரைப்புச் சத்தம் கேட்டாவது தெரிந்துகொள்ளலாம் என்று வந்த அச்சிமுகம்மது, காகம் கத்துவதைக் கேட்டுவிட்டுத் திரும்பினான்.

ஊர்த் தலைமைக்காரரான விதானையார் மஜீட் முறைப்பாட்டுப் புத்தகத்தை விரித்தார், பேனையில் மை தொட்டார், பிறகு யோசித்தார்.

“அச்சி, கடிச்ச பல்லு எங்க நிண்டது?”

“றோட்டில, விதானையார்.”

“றோட்டு பி.டபிள்யூ.டி. நாயிர பின்னங்கால்?”

“கேற்றுக்குள்ள.”

“அது இரிகேசன். உன்ட கால் மட்டுந்தான் என்ட பிரிவுக் கால். காலை வேணுமெண்டா எழுதலாம். ஆனா கால் ஒரு குத்தமும் செய்யல்லியே!” மையை ஒற்றித் துடைத்தார். “இதுக்கெல்லாம் கோடு இருக்குகா. அவங்களுக்கு எல்லை இல்ல.”

கடைசியாகச் சொன்னது உண்மை.

திங்கட்கிழமை விடிய வெள்ளாப்பில் அவன் பிறக்கிராசி கனகரெத்தினத்தின் வாசலில் நின்றான். கனகரெத்தினம் கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கால்சட்டையும் போட்டவர். காலைக் காட்டச் சொன்னார். காணி உறுதியில் எல்லை தேடுகிறவர்போலக் குனிந்து தேடினார்.

“இரத்தம் எங்க?”

“கழுவினன் ஐயா.”

“நாயிட எச்சில்?”

“கழுவினன்.”

“கிழிஞ்ச சாறன்?”

“அதையும் கழுவித் தைச்சிட்டன். தைச்ச இடம் தெரியாது ஐயா, பாருங்க.”

கனகரெத்தினம் பேனையை மேசையில் வைத்தார். “ஒருக்காக் கழுவினா அது சுத்தம். ஏழு தரம் கழுவினா அது சாட்சியை அழிக்கிறது. மண்ணும் போட்டனீரா?”

“மண் போடாட்டிக் கூடாது ஐயா.”

“சட்டத்தின்ர கண்ணில உம்மை இன்னும் நாய் கடிக்கல்ல.”

அச்சிமுகம்மது தன் காலைப் பார்த்தான். வீங்கியிருந்தது. வீக்கத்துக்குச் சட்டம் தெரியவில்லை.

“எனக்கு நாயைப் பாத்தாச் சரி ஐயா. இன்னும் ஆறு நாள்தான் கிடக்கு.”

“நாயைப் பாக்க வேணும் எண்டு ஒரு வழக்கு இல்ல. நட்டஈட்டு வழக்குத்தான் இருக்கு.”

“நட்டஈடு எனக்கு வேணாமே.”

“அதைத்தான் கேக்க வேணும்!” என்று கனகரெத்தினம் குரலை உயர்த்தினார். “வேணும் எண்டதை நேரே கேக்கிறவன் பிச்சைக்காரன். வேணாம் எண்டதைக் கேட்டு, வேணும் எண்டதுக்குப் போறதுக்குப் பேர்தான் சட்டம். முப்பது வருசமா நான் ஆரையும் அவர் கேட்ட இடத்துக்குக் கொண்டுபோய் விட்டதில்ல. அதுக்காக ஒருத்தரும் காசைத் திருப்பிக் கேட்டதுமில்ல.”

அடுத்த பாவுக்கு நூல் வாங்க வைத்திருந்த காசு அங்கே இறங்கியது. வழக்குக் கூப்பிடும் முதல் தவணை சித்திரை மாதத்தில் விழுந்தது.

பத்தாம் நாள் வந்தது. நாய் செத்ததா இல்லையா என்று தெரியவில்லை. அப்போதிக்கரி இன்னொன்றும் சொல்லியிருந்தார். நஞ்சு உடனே காட்டாது, ஆறு மாதமும் செல்லும், ஒரு வருசமும் செல்லும், முதலில் தண்ணீரைக் கண்டால் பயம் வரும். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் சுபஹ் தொழுதுவிட்டு வந்ததும் அவன் மனைவி நாச்சியா ஒரு கோப்பைத் தண்ணீரோடு நிற்பாள். அவன் குடிப்பான். அவள் அவன் தொண்டையைப் பார்ப்பாள். மூன்று மிடறும் இறங்கினால் அன்றைய நாள் தொடங்கும்.

“பயமா இருக்கா?”

“தண்ணியக் கண்டா இல்ல. நீ பாக்கிற பார்வையக் கண்டாத்தான்.”

“கதைக்காமக் குடிங்க.”

அவள் சிரிக்கவில்லை. ஒரு நாள் தண்ணீர் புரையேறி அவன் இருமினான். அவள் கையிலிருந்த சட்டியைப் போட்டு உடைத்துவிட்டாள்.

முதல் தவணையில் எதிரியின் பிறக்கிராசி வரவில்லை. இரண்டாம் தவணையில் நீதவான் வரவில்லை. மூன்றாம் தவணையில் எல்லோரும் வந்தார்கள், வழக்குக் கட்டு வரவில்லை. ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் தறி நின்றது. தறி ஓடிய நாட்களிலும் முழுசாக ஓடவில்லை. குழித்தறியில் மிதிகட்டை வலது காலுக்குத்தான் வேலை கொடுக்கும். அவன் இடது காலால் மிதித்துப் பழகினான். துணியின் ஓரம் கோணியது. கடைக்காரர்கள் விலையைக் கோணலாக்கினார்கள்.

ஆவணியில் விசாரணை. நீதவான் இங்கிலீசில் கேட்பார், மொழிபெயர்ப்பு முதலியார் அதைத் தமிழில் கொடுப்பார். நீதவானின் கேள்வி கால் மணித்தியாலம் நடந்தால் முதலியாரின் தமிழ் இரண்டு சொல்லாக இருக்கும்.

“எங்கே கடி?” என்றார் முதலியார்.

அச்சிமுகம்மது கூண்டில் நின்றபடி காலை உயர்த்திக் காட்டினான். நீதவான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார்.

“ஆறிட்டு ஐயா. ஆறு மாசம் ஆயிட்டு.”

அதைக் கேட்ட நீதவான் ஏதோ எழுதினார். காயம் ஆறியதை மனுதாரர் தானே ஒப்புக்கொள்கிறார் என்று எழுதினாராம்.

பிறகு சாறன். அதற்கு ‘அ’ என்று அடையாளம் கட்டித் தடயப் பொருளாக்கினார்கள். நீதவான் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கிழிசலைத் தேடினார். முதலியார் தேடினார். இரண்டு பிறக்கிராசிகளும் தலையோடு தலை முட்டத் தேடினார்கள். கோடே கால் மணித்தியாலம் கிழிசல் தேடியது. கடைசியில் அச்சிமுகம்மதுக்குப் பொறுக்கவில்லை. “இஞ்ச ஐயா, இந்தப் பச்சை இழைக்குப் பக்கத்தில” என்று விரல் வைத்துக் காட்டினான். அவன் முகத்தில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. கனகரெத்தினம் நெற்றியில் அடித்துக்கொண்டார். நீதவான் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, நல்ல வேலை என்றார். அந்த வழக்கில் உண்மை என்று அவர் ஒப்புக்கொண்ட ஒரே விசயம் அதுதான். சாறன் கோட்டிலேயே நின்றுவிட்டது.

ஐப்பசியில் நாயின் நடத்தை ஆராயப்பட்டது. எதிரித் தரப்பு, பெரிய எஞ்சினியர் கையொப்பமிட்ட ஒரு நற்சான்றுப் பத்திரத்தைப் படித்தது. ‘நெல்சனை நான்கு வருடங்களாக எனக்கு நேரில் தெரியும். அது அமைதியானது, நேர்மையானது, மதுப்பழக்கம் அற்றது, மேலதிகாரிகளுக்குக் கீழ்ப்படிவது. அது எடுத்துக்கொள்ளும் எந்த முயற்சியிலும் வெற்றி பெற வாழ்த்துகிறேன்.’

எந்த முயற்சி என்று ஒருவரும் கேட்கவில்லை.

“மனுதாரரிடம் இப்படி ஏதாவது பத்திரம் உண்டா?” என்றார் முதலியார்.

“எனக்கு ஆர் ஐயா பத்திரம் தாறது? ஊரில கேட்டுப் பாருங்க.”

ஊர் பத்திரமாகாது என்று குறித்துக்கொண்டார்கள். ஆக, நாய்க்கு நடத்தை இருந்தது, மனுசனுக்கு இல்லை.

“ஐயா, அது உசிரோட இருக்கா எண்டு மட்டும் அவரைக் கேளுங்களன்” என்றான் அச்சிமுகம்மது. எட்டு மாதமாக அந்த ஒரு கேள்விதான் அவனிடம் இருந்தது. கனகரெத்தினம் அவனுடைய சட்டையைப் பிடித்து இழுத்தார். வழக்கு நட்டஈட்டைப் பற்றியது. வழக்குக்குச் சம்பந்தமில்லாத கேள்விகளை அனுமதிக்க முடியாது.

தை மாதத்தில் தீர்ப்பு. கிறகரிக்கு அப்போது மாற்றல் உத்தரவு வந்திருந்தது. புதிய ஊரில் நாய் வளர்க்க வசதியில்லை. அவருடைய பிறக்கிராசி எழுந்து, இந்த நாட்டில் ஆளுகிற உரோமன் டச்சுச் சட்டத்தின்படி, பிராணி செய்த தீங்குக்கு அதன் உடையவன் நட்டஈடு கட்டலாம், அல்லது பிராணியையே கடிபட்டவனிடம் ஒப்படைத்துவிட்டுக் கைகழுவலாம் என்றார். ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முந்திய சட்டமாம். அதை எழுதியவர்களை நாய் கடித்ததில்லை என்று தெரிகிறது.

நீதவான் பேசினார். அன்றைக்கு மட்டும் முதலியார் ஒரு சொல் விடாமல் தமிழாக்கினார்.

“இந்தக் கோடு ஏழை பணக்காரன் என்று பார்ப்பதில்லை. இந்த வழக்கில் கோடு கடியைப் பார்க்கவில்லை, கிழிசலைப் பார்க்கவில்லை, நாயையும் பார்க்கவில்லை. இப்படி ஒன்றையுமே பார்க்காமல் பதினொரு மாதத்துக்குள் ஒரு முடிவுக்கு வந்திருப்பதையிட்டுக் கோடு திருப்தி அடைகிறது. மனுதாரர் நாயைப் பார்க்க வேண்டும் என்று பலமுறை குறுக்கிட்டார். அவர் இனி அதை விரும்பியபோதெல்லாம் பார்க்கலாம். நாய் அவருக்கே கொடுக்கப்படுகிறது. எதிரி முதல் நாளே கொடுக்க ஆயத்தமாக இருந்தார் என்றும், யாரும் எழுத்தில் கேட்கவில்லை என்றும் தெரிகிறது. ஆகவே இரு தரப்புச் செலவும் மனுதாரருடையது.”

கனகரெத்தினம் வெளியே வந்து அவன் தோளில் தட்டினார். “வழக்கை வெண்டிட்டம்!” என்றார்.

நெல்சன் சங்கிலியோடு வீட்டுக்கு வந்தது. கொண்டு வந்தவனிடம் பற்றுச்சீட்டில் கைநாட்டு வைத்துக் கொடுத்தான் அச்சிமுகம்மது. நாயை வாசலுக்கு வெளியே முருங்கை மரத்தில் கட்டி, முன்னால் குந்தியிருந்து பார்த்தான். உயிரோடுதான் இருந்தது. கொழுத்தும் இருந்தது. சிரட்டையில் வைத்த தண்ணீரைச் சளப்சளப்பென்று நக்கிக் குடித்தது. அவனும் எழுந்து போய் ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான். அன்றைக்கு யாரும் அவன் தொண்டையைப் பார்க்கவில்லை.

“பாத்திட்டீங்களா?” என்றாள் நாச்சியா.

“பாத்திட்டன்.”

“இதுக்குத்தானே போனீங்க? மறுகா, கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்திட்டு வாங்க.”

“அதுக்கு வேற வழக்காம் புள்ள.”

அவள் நாயைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். நாயை அவிழ்த்து விட்டாலும் அது போகவில்லை. அரசாங்கச் சோறு தின்று பழகியது, வேலை இல்லாத இடத்தில் இருக்க அதற்குத் தெரிந்திருந்தது.

இரண்டு கிழமை கழித்துச் செலவுக் காசுக்கு ஜப்தி செய்ய, கோட்டுத் தீர்ப்பை நிறைவேற்றும் பிஸ்கால் கந்தோரிலிருந்து மர்சூக் வந்தான். பக்கத்து ஊர்ப் பொடியன்தான், காக்கிச் சட்டை போட்டு நாலு வருசம். ஒரு மாட்டு வண்டியும் கொண்டு வந்திருந்தான். கடதாசியை உரக்கப் படித்தான். பிறகு நூல் மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினான்.

நெல்சன் மூட்டையைக் கண்டது. கெண்டைக்கால்தான். வலதுதான்.

மர்சூக் மூட்டையைப் போட்டுவிட்டு “உம்மா!” என்று கத்தினான். காலைப் பார்த்தான், நாயைப் பார்த்தான். பிறகு கிணற்றடிக்கு நொண்டிப் போய் மண்ணைக் குழைத்தான். அச்சிமுகம்மது வாளி வாளியாக இறைத்து ஊற்றினான். இருவரும் சத்தமாக எண்ணினார்கள். ஏழு.

“தம்பி, பத்து நாளைக்கு நாயைப் பாக்கணும். உசிரோட நிண்டாப் பயமில்ல.”

“தெரியும் காக்கா” என்றான் மர்சூக், மூத்த அண்ணனிடம் சொல்வதுபோல.

“கோட்டுக்குப் போகல்லியா?”

மர்சூக் அவனை ஒரு மாதிரிப் பார்த்தான். “எனக்கென்ன விசரா காக்கா? நான் அங்க வேலை செய்யிறவன்.”

அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் வேலை முடிந்து மர்சூக் வந்தான். யாரும் அவனிடம் எழுத்தில் கேட்கவில்லை. உட்கார வாங்கைத் தூக்கி முருங்கை மரத்துக்கு எதிரே போட்டுக் கொடுத்தார்கள். நாச்சியா பிளேன்டீ ஊற்றி, பனங்கட்டித் துண்டொன்றும் வைத்தாள். அவன் நாயைப் பார்த்தபடி குடிப்பான். நாலாம் நாள் அவன் சாறன் உடுத்து வந்தான். பச்சைக் கோடு போட்ட சாறன். முழங்காலுக்குக் கீழே, பச்சை இழைக்குப் பக்கத்தில், தைத்த இடம் அச்சிமுகம்மதின் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது. அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு தவணை விழும்.

பத்தாம் நாள் நெல்சன் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. மர்சூக் ஒரு நீண்ட மூச்சு விட்டான். “அல்ஹம்துலில்லாஹ்” என்றான். அச்சிமுகம்மதின் கையை இரண்டு கையாலும் பிடித்தான். “உங்கள மறக்க மாட்டன் காக்கா” என்றான். கண் கலங்கித்தான் இருந்தது.

பதினோராம் நாள் காலையில் காக்கிச் சட்டையோடும் வண்டியோடும் வந்தான்.

நூல் மூட்டை முதலில் ஏறியது. பிறகு அவன் தறியை அளந்து பார்த்தான்.

“தறியுமா தம்பி?”

“செலவுக் காசுக்கு மூட்டை மட்டும் காணாது காக்கா.” தலையைக் குனிந்தபடி முளையைத் தட்டிக் கழற்றினான். “உண்மையச் செல்லுறதெண்டா, தொழில் செய்யிற சாமானை எடுக்க ஏலாதெண்டு சட்டத்திலயே கிடக்கு.”

நாச்சியா குசினியிலிருந்து வெளியே வந்தாள். “அப்ப ஏன் எடுக்கிறாய்?”

“எடுக்க ஏலாதெண்டு நீங்க கோட்டில வந்து செல்லணும் றாத்தா. ஒரு மனுப் போடணும். ஒரு பிறக்கிராசி வைக்கணும். தவணை குடுப்பாங்க.”

நாச்சியா புருசனின் முகத்தைப் பார்த்தாள். அச்சிமுகம்மது யோசிக்கவே இல்லை. சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, தறியின் மற்றத் தலைப்பைப் பிடித்தான்.

“தூக்கு தம்பி,” என்றான். “கெதியாத் தூக்கு.”

வண்டி போன பிறகு வீட்டுக்குள் தறிக்குழி மட்டும் இருந்தது. இருபது வருசமாக அவன் கால் தொங்கிய குழி. நெல்சன் வாசலைத் தாண்டி உள்ளே வந்து குழியை மோந்து பார்த்தது. பிறகு இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, படுத்துக்கொண்டது.

நாச்சியா விளக்குமாற்றை ஓங்கினாள்.

“விடு புள்ள,” என்றான் அச்சிமுகம்மது. “அதைக் கோடு தந்தது. எழுப்பினா ஆரைக் கடிக்குமோ தெரியாது.”